அறுபது கிலோவுக்கான ஸ்பிரிங்

ஹம் நகருக்குப் போகும் ரயிலில் என் எதிரே ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் கழற்றிய ஸ்பிரிங் இரண்டு.

“வளருற பிள்ளை எண்டு சப்பாத்தைப் பெரிசா வாங்கலாம். ஸ்பிரிங்கையும் வாங்கலாமோ?” என்றார் மனைவி.

நான் வாக்மனை நிறுத்தினேன்.

“மகளின்ர பனியில சறுக்குற ஸ்கூட்டர், பழைய ஸ்பிரிங் அமுங்கி அடியில முட்டிச்சுது. அதுதான் அறுபது கிலோ ஆளுக்கு உள்ள ஸ்பிரிங்கைப் போட்டன்,” என்றார் கணவர்.

“அவள் இருபத்திரண்டு கிலோ! ஸ்பிரிங் அமுங்கவேயில்லை. மேட்டுக்கு மேடு தூக்கி எறிஞ்சுது. நாக்கைக் கடிச்சுப்போட்டு, இனி ஏறமாட்டன் எண்டுறாள்.”

“வளந்திடுவாள்தானே.”

“அறுபது கிலோ வரேக்கை அந்தச் சின்னச் சீட்டில எப்பிடியப்பா இருப்பாள்?”

அவர் ஸ்பிரிங்கை உருட்டியபடி யோசித்தார்.

“சீட்டையும் பெரிசா மாத்துவம்.”

மனைவி எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார்.