வலது பக்கம் நிற்பவன்

ஏர்பிரஷ் வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான் சார். நிறம் அடிப்பது கால் பங்கு. வெளியே நின்று பார்க்கிறவர்கள், பேனா மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதினால் முகம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் ஊசியை உருவி, தின்னரில் துடைத்து, நகத்தின் மேல் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும். என் இடது கட்டைவிரல் நகம் இருபத்தாறு வருஷமாகத் தன் சொந்த நிறத்தில் இருந்ததில்லை.

ஏன் செய்தாய் என்று மட்டும் கேட்டீர்கள். எப்படி வேலை செய்வேன் என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. டீ வரட்டும், அவசரமில்லை.

கோதமங்கலத்தில் டூரிஸ்ட் பஸ்ஸுக்கு முகம் வரைய வேண்டுமென்றால் எல்தோவைக் கேள் என்பார்கள். எல்தோ நான்தான். புலி, கழுகு, கர்த்தர், பந்து உதைக்கிற வெளிநாட்டுக்காரன், எதுவானாலும் வரைவேன். கல்லூரிப் பிள்ளைகள் சுற்றுலாவுக்கு வண்டி பிடிக்கும்போது எஞ்சினையா பார்க்கிறார்கள்? பக்கவாட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே முதலாளிகள் எஞ்சினில் மிச்சம் பிடித்து என்னிடம் வருவார்கள்.

இறந்தவர் முகம் வரைவதில் எங்களுக்கு இரண்டு முறை உண்டு. உயிரோடு இருப்பவரை மேகத்தின் மேல் நிறுத்தக் கூடாது. அது ஒன்று. முகம் வண்டி போகிற திசையையே பார்க்க வேண்டும். அது இரண்டு. பின்னால் பார்க்கிற முகத்தோடு ஓடுகிற வண்டியில் எந்த டிரைவரும் ஏற மாட்டான். டிரைவர் பக்கம் நின்று பார்த்தால் வண்டியின் முன்பகுதி நம் வலது கைப் பக்கம் இருக்கும். போட்டோவில் இருப்பவர் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் வரைவோம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸின் பெயர் ரோசிலி. முதலாளி வர்க்கிச் சேட்டன், கண்ணூர்ப் பக்கம் மலையில் ரப்பர் வைத்திருப்பவர். ரோசிலி அவர் காலஞ்சென்ற மனைவி. மூத்த மகன் ஜோமோன் எலிக்காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டான். நாற்பத்தோராம் நாள் பிரார்த்தனைக்கு அவன் முகத்தோடு வண்டி சர்ச் வாசலில் நிற்க வேண்டும் என்பது சேட்டனின் ஆசை. அதுவரை வீட்டுப் படி தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பேச்செல்லாம் போனில்தான்.

"மேகம் வேணும். தலைக்குப் பின்னால ஒளிவட்டம் வேண்டாம். அவன் அவ்வளவு நல்லவனொண்ணும் இல்ல."

"சிரிப்பு, சேட்டா?"

"சிரிக்கட்டும்."

"பல்லு தெரியணுமா?"

"ஏன், பல்லுக்குத் தனி ரேட்டா?" என்றார். சொல்லிவிட்டு அழுதார். வியாபாரி அழும்போதும் பேரத்தை விடமாட்டார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு போட்டோ அனுப்பினார். அண்ணனும் தம்பியும் படகுத்துறையில் தோளோடு தோளாக நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் தாடி, ஒரே ஜாடை, ஒரு வயதுதான் வித்தியாசம். இரண்டு பேரும் இடது பக்கம் எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். என் வழக்கப்படி முதலில் படத்தைத் திருப்பி, பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். அதற்குப் பிறகு போனைத் தொடுவதில்லை. தின்னர் கை பட்டால் திரை கெட்டுவிடும். எனக்கு உதவியாக பேபி இருந்தான். பேபிக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் பக்கம் பேபி என்று வைத்துவிட்டால் பல் போன பிறகும் பேபிதான். சேட்டன் அனுப்பிய செய்தியை அவன்தான் என் போனில் பார்த்து வாசித்தான்.

"ஆசானே, வலது பக்கம் நிக்கறவனாம்."

சுவரில் வலது பக்கம் நின்றவனை நான் வெட்டினேன். பிழை அவ்வளவுதான். பிறகு நடந்ததெல்லாம் பிழையில்லாமல் நடந்தது.

பதினெட்டு நாள் வேலை. தோலுக்குக் கறுப்பைத் தொடவில்லை. கறுப்பு தொட்டால் முகம் புகைபிடித்த மாதிரி ஆகிவிடும். பழுப்பும் ஊதாவும் பால்போல் கரைத்து, நாற்பது முறை, மூச்சு விடுகிற மாதிரி அடித்தேன். தாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே கோடு விழக் கூடாது. அதனால் ஸ்டென்சிலை ஒட்டாமல் ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. எனக்கு நடுங்காது. கீழுதட்டில் ஈரம் வைத்தேன். இடது புருவத்தில் சின்னத் தழும்பு ஒன்று இருந்தது. அதையும் விடவில்லை. கடைசியில் கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்ததும் பேபி இரண்டடி பின்னால் போனான். "ஆசானே, இவன் இப்போ பேசுவான்" என்றான். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒன்று என் கையிலிருந்து வந்ததில்லை. இனி வரப்போவதுமில்லை. பெயரையும் பிறந்த, இறந்த தேதிகளையும் தனி ரிப்பன் போல ஒட்டி முடித்து, முகத்தின் மேல் மூன்று சுற்று கிளியர் கோட் என்கிற கண்ணாடிப் பூச்சு போட்டுக் காய வைத்தேன். கிளியர் கோட் போட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு படத்தில் ஒரு முடியைக்கூடத் திருத்த முடியாது. திருத்துவதென்றால் தகரம்வரை தேய்க்க வேண்டும்.

போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சேட்டன் தினமும் கேட்டார். நான் அனுப்புவதில்லை. போனில் என் நிறங்கள் செத்துவிடும்.

நாற்பதாம் நாள் காலை, வண்டியை ஓட்டிக்கொண்டு போக இளையவன் லிஜு வந்தான். நல்ல பையன். வரும்போதே பேபிக்கும் எனக்கும் பழம்பொரி வாங்கி வந்தான். டிரைவர் பக்கம் போய் நின்றான். கிட்டே போய் உற்றுப் பார்த்தான். அசந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு நான் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆசானே," என்றான், "இது நான்."

"ரத்த பந்தம் மோனே, ஜாடை இருக்கத்தான் செய்யும்."

"ஜாடை இல்ல. நான்தான். இந்தத் தழும்பு கேரம் போர்டு மூலை பட்டு எனக்கு வந்தது. அடிச்சது ஜோமோன் சேட்டன்தான்."

பேபி போனை எடுத்துப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், போனில் வலது பக்கம் நின்றவன் சுவரில் இடது பக்கம் நிற்பதைக் கண்டு தலையில் கை வைத்துக்கொண்டான். லிஜு சிரித்துவிட்டான். அவன் நல்ல மனசு அது.

"நான் போய்ட்டேன்னு அப்பச்சனுக்குச் சொல்லியாச்சா?"

"நூறு ஆயுசு மோனே உனக்கு," என்றான் பேபி.

சிரிப்பு அடங்கியதும் லிஜுவின் குரல் மாறிவிட்டது. "நாளைக்கு அப்பச்சன் இதைப் பார்த்தா அங்கயே விழுந்துருவார். தேச்சிடுங்க ஆசானே. வெறும் மேகம் போதும்."

நான் பேரம் பேசினேன். இந்த முகம் இருக்கட்டும், மறுபக்கம் அண்ணனை ஒரு பைசா வாங்காமல் வரைகிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை. "உயிரோட இருக்கறவன் மேகத்துமேல நின்னா ஊரே சிரிக்கும் ஆசானே. உங்களுக்குத் தெரியாததா?" என்றான். மேகத்தை மட்டும் தேய்த்து மாந்தோப்பாக மாற்றித் தருகிறேன் என்றேன். "அண்ணன் செத்த நாப்பதாம் நாள், தம்பி மாந்தோப்புல நின்னு பல்லைக் காட்டறதா?" என்றான். மிஷினைக் கொடுங்கள், உங்கள் கைக்கு மனசு வராது, நானே தேய்க்கிறேன் என்றான்.

அவன் சொன்னது முழுக்க நியாயம். எங்கள் தொழில் முறையும் அதுதான். நான் மறுக்கவே இல்லை. படத்துக்கும் நடப்புக்கும் பொருத்தமில்லாமல் போய்விட்டது. இரண்டில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். படத்தில் கிளியர் கோட் போட்டாயிற்று.

உப்புத்தாள் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வா என்று பேபியை அனுப்பினேன். தீரவில்லை. அலமாரியில் இரண்டு கட்டு இருந்தது.

என் பட்டறை சரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வண்டி மூக்கை மேலே வைத்து நிற்கும். சக்கர டிரம்முக்கு நிறம் அடிப்பதற்காகக் கை பிரேக்கை எடுத்திருந்தோம். பின்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு முட்டுக்கட்டை மட்டும். தேய்க்கிற மிஷினுக்கு பிளக் பாயிண்ட் பின்சுவரில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே எட்டடி. அங்கே சொருகு மோனே என்று கையைக் காட்டினேன். அவன் ஒயரை எடுத்துக்கொண்டு போனான். குனியும்வரை காத்திருந்து, இடது கட்டையை உருவினேன். பிறகு வலது கட்டையை. வண்டி அடங்கித்தான் இறங்கியது. பின்பக்கத் தகரம் சின்னதாக ஒடுங்கியது. புட்டி வைத்துத் தேய்த்தால் தெரியாது. முகத்தில் ஒரு கீறலும் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

விபத்து என்று எழுதினார்கள். கட்டை நகர்ந்தது என்று எழுதினார்கள். கட்டை நகர்ந்தது உண்மைதானே. அடக்கத்துக்கு நானும் போனேன். வர்க்கிச் சேட்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன பண்ணுவ எல்தோ" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பி வந்து பெயரையும் தேதிகளையும் மாற்றினேன். அரை மணி வேலை. பேபி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆசானே, இது ஜோமோனுக்குன்னுதானே வரைஞ்சோம்?"

"கீழ என்ன எழுதியிருக்கோ அதுதான் பேபி."

"உப்புத்தாள் அலமாரியிலயே இருக்கு," என்றான். தன் மூக்குக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

மறுபக்கத்தில் ஜோமோனை வரைந்தேன். அந்தப் பக்கத்துக்குப் போட்டோவைத் திருப்ப வேண்டியதில்லை. சுமாராக வந்தது. லிஜுவுக்கு நாற்பத்தொன்று முடிந்த மறுநாள், போன வாரம், வர்க்கிச் சேட்டன் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். லிஜுவின் முகத்துக்கு நேரே நின்று, தன் மேல்துண்டால் அவன் கன்னத்தில் இருந்த தூசியைத் துடைத்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"வெள்ளை அடி."

"சேட்டா?"

"ரெண்டு பக்கமும். முழுசா வெள்ளை. என் புள்ளைங்க மழையிலயும் சேத்துலயும் ஊர் ஊரா ஓட வேண்டாம். வீட்டுல உக்காரட்டும்."

காசு வேண்டாம் என்றேன். வண்டியையே நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ரோசிலியை விற்பேனா என்றார். உன்னால் முடியாதென்றால் திங்கட்கிழமை பெரும்பாவூரில் வேறு ஆளிடம் விடுகிறேன், தேய்த்துத் தர ஒரு பகல் போதுமாம் என்று போய்விட்டார். ஒரு பகல் சார். பதினெட்டு நாள் வேலையை.

இன்றைக்கு ஞாயிறு. சர்ச்சில் குர்பானா பூசை முடிந்து நேராக இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று உங்கள் ரைட்டர் எழுதுகிறார். எழுதட்டும், பொய்யில்லை. நேற்று ஒரு வக்கீலிடமும் விசாரித்தேன். கொலை வழக்கில் சம்பந்தப்பட்ட வண்டியைத் தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, மேல்முறையீடு எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு பதினைந்து வருஷம் ஆகும் என்றார். ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கொலை செய்தது அந்த வண்டியால்தான். கட்டையை உருவியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வண்டியை உங்கள் ஸ்டேஷன் வளாகத்தில்தானே நிறுத்துவீர்கள்? அந்த வாகை மரத்தடி வேண்டாம், காக்கை எச்சம் கிளியர் கோட்டை அரிக்கும். டிரைவர் பக்கம் வடக்கே பார்க்கட்டும். ஒரு தார்ப்பாய் போட்டுவிடுங்கள், செலவு என்னுடையது. பையனுக்கு ஏற்கெனவே ரொம்பக் கஷ்டம், வெயிலும் வேண்டாம்.