உப்புக்கொத்தியைப் படம் எடுத்த விதம்

பறவைப் படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் தொப்பையைக் குறைக்க வேண்டும், ரேஞ்சர் சார். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. பறவையின் கண்ணும் கேமராவின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் படத்துக்கு உயிர் வரும். உப்புக்கொத்தி என் உள்ளங்கை உயரம்கூட இருக்காது. அதன் மட்டத்துக்கு இறங்க உப்பளத்து வரப்பில் குப்புறப் படுக்க வேண்டும். பாத்திரக்கடையில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பில் பதினாறு கிலோ குறைத்தேன். சர்க்கரைகூட இப்போது கட்டுக்குள் இருக்கிறது. என் வீட்டுக்காரி பானுப்ரியா அந்தப் பறவைகளுக்குத்தான் நன்றி சொல்கிறாள்.

உப்பு லாரி ஓட்டுகிற மாடக்கண்ணு மேல் சாட்சி சொல்லத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். லாரியை ஏற்றிக் கூடுகளை நசுக்கிவிட்டான் என்று அவனுக்கு வேலை போய்விட்டது, இப்போது கேஸும் வரப்போகிறது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்கிற வரிசையிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் என் உழைப்பு வெளியே தெரியாமல் போய்விடும்.

ஆரம்பத்தில் என் படங்களைச் சகிக்க முடியாது. பறவை இருக்க வேண்டிய இடத்தில் அதன் வால் மட்டும் இருக்கும். எங்கள் படக்குழுவில் ஜெரால்டு என்று ஒரு நண்பர், துறைமுகத்தில் வேலை. அவர் படம் போட்டால் வாட்ஸ்அப்பில் கைதட்டலாகக் கொட்டும். என் படத்துக்குப் பானுப்ரியா ஒரு ரோஜாப்பூ போடுவாள். நானும் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

தருவைகுளம் பக்கம் உப்பு வாருகிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உப்புக்கொத்தி மரத்தில் கூடு கட்டாது, வெறும் தரையில் முட்டை இடும். முட்டையும் மண்ணும் ஒரே நிறம். யாராவது கண்டுவிட்டால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். அங்கே யாரும் கால் வைக்க மாட்டார்கள், லாரியும் ஒதுங்கிப் போகும். செல்வராணி என்கிறவள்தான் இதில் முன்னால் நிற்பாள்.

"அண்ணாச்சி, இங்கன கொடி நட்டிருக்கேன். கால் பட்டுராம பாத்துக்கோங்க," என்று அவளே கூட்டிப்போய்க் காட்டுவாள்.

கூடு தேடி நாய்படாத பாடு பட்ட காலம் அதோடு முடிந்தது. கொடி கொடியாகப் போனால் போதும்.

அடுத்தது வெளிச்சம். முதல் கூடு உமரிச் செடியின் நிழலில் இருந்தது. நிழல் படத்துக்கு ஆகாது. கத்தரியால் செடியை ஒட்ட நறுக்கினேன், முடி வெட்டிவிடுவது மாதிரிதான். உச்சி வெயிலில் தாய்ப்பறவை ஓடிவந்து, இறக்கையை விரித்து முட்டைகளுக்குக் குடை பிடித்து நின்றது. அலகு திறந்திருந்தது. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இரண்டு மணி நேரம் படுத்தே கிடந்தேன், அதுவும் அசையவில்லை. அந்த முட்டைகள் பொரியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இந்த வருஷம் வெயில் கொஞ்சம் கூடுதல்தான்.

ஜெரால்டு இன்னொரு கொடிக்குப் போய் என்னைவிட நன்றாக எடுத்துவிட்டார். அதனால் அடுத்த கூட்டில் என் வேலை முடிந்ததும் குச்சியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஜெரால்டு கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான். அது லாரி போகிற வரப்பு என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பெண்கள் பகலோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் நான் கிளம்புவதற்குள் லாரி வந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் தாய்ப்பறவை திரும்பி வந்தது. டயர்த் தடத்தில், முட்டை இருந்த அதே இடத்தில் போய் நின்றது. பிறகு அடைகாப்பதுபோல் நெஞ்சைத் தரையில் அழுத்தி உட்கார்ந்துகொண்டது. பக்கவாட்டில் மஞ்சள் வெயில், பின்னால் மங்கலாக உப்பு அம்பாரம். எனக்குக் கை நடுங்கி, படம் ஆடிவிட்டது.

ஆடியதால்தான் இன்னொரு கூடு தேவைப்பட்டது. அதில் டயர்த் தடம் கோணலாக விழுந்தது. அதற்கடுத்ததில் பறவை முதுகைக் காட்டி உட்கார்ந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் கிடைத்தது. லாரி வருகிற நேரத்தைக் குறித்துவைத்து, பாதையோரக் கொடியாகப் பார்த்து, கால் மணி நேரத்துக்கு முன்னால் பிடுங்குவேன். ஐந்தாவது கொடியோடு கை நடுக்கம் நின்றுவிட்டது.

லாரி கொடியோடு சேர்த்து ஏற்றிவிட்டது என்று செல்வராணி நினைத்தாள். மாடக்கண்ணுவை எல்லார் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றித் திட்டினாள். நான்தான் நடுவில் புகுந்து சமாதானம் செய்தேன். அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதான்.

"கொடி இருந்தா நான் ஏத்துவனா அண்ணாச்சி? எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு போல."

"விடுலே. இந்த வெயில்ல யாருக்கும் கண்ணு தெரியாது," என்றேன். நல்ல கண் டாக்டர் ஒருவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

பதினோராவது கொடியில் படம் அமைந்தது. போட்டியில் முதல் பரிசு. பத்திரிகையில் என்ன போட்டார்கள் தெரியுமா சார், தற்செயலாக அங்கே இருந்த அதிர்ஷ்டசாலி என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு மாதம் சேற்றில் படுத்துக் கற்றதை ஒரு வார்த்தையில் அதிர்ஷ்டமாக்கிவிட்டார்கள். பதினோரு கொடியும் நான் பிடுங்கியது. குச்சியெல்லாம் கடை மாடியில் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு யாரும் என்னை ஈரமில்லாதவன் என்று சொல்லிவிடக் கூடாது. எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே இன்னொரு கொடியும் இருந்தது. அதில் மூன்று முட்டை. குச்சியில் கை வைத்தவன், அந்தத் தாயைப் பார்த்து மனம் கேட்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு வானமெல்லாம் ஒரே மேகம்.