கையெழுத்திட மறுத்த கரத்துக்கு: டாக்டர் ராத்மிலா ஸ்தோய்கோவிச் அவர்களின் பணி நிறைவில்

பிள்ளைகளின் பெரும் துணையே! பெற்றோரின் பொறுமைமிகு புகலிடமே! அழுகிற குழந்தையின் அருகே அமைதியாகவும், அலட்சியம் செய்யும் அதிகாரியின் எதிரே அடங்காமலும் நின்ற எங்கள் அன்புக்குரிய டாக்டர் ராத்மிலா அவர்களே! தீமோக் ஆற்றங்கரையிலுள்ள இந்த நலவாழ்வு மையத்தின் குழந்தைகள் பிரிவிலிருந்து இன்று விடைபெறும் உங்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் வணக்கம் கூறுகிறோம்.

இளம் மருத்துவராக இங்கு வந்த நாள் முதல் இந்நகரத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நீங்கள் தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள். இன்று அவர்கள் தம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் அறை வாசலில் பழைய பயத்தோடு நிற்கிறார்கள். காற்று பட்டால் நோய் வரும் என்று ஜூலை வெயிலிலும் கம்பளித் தொப்பி மாட்டி அழைத்துவரும் தாய்மாரிடம் நீங்கள் நடத்திய போர் மட்டும் முடியவில்லை. "ஜன்னலைத் திறங்கம்மா, பிள்ளை வேகுது!" என்பீர்கள். அவர்கள் திறப்பார்கள், நீங்கள் திரும்பியதும் மூடுவார்கள். அந்தப் போரில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறோம்.

உங்கள் மௌனத்தையும் இங்கே போற்ற வேண்டும். ஒரு தாய் பேசி முடித்த பிறகும் நீங்கள் உடனே வாய் திறப்பதில்லை. காப்பி ஆறும். வெளியே வரிசை முணுமுணுக்கும். அந்த மௌனத்துக்குள்தான் தாய்மார் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்கள். எங்களில் பலருக்கு அது நேர விரயமாகவே தோன்றியது. ரெல்யா என்ற சிறுவனின் கதை எங்கள் எண்ணத்தை மாற்றியது. அவன் தாய் யாஸ்னாவின் சம்மதத்தோடு அதை இங்கே சொல்கிறோம்.

ரெல்யாவுக்கு அப்போது நான்கு வயது. கடிப்பான், எறிவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தாய் யாஸ்னா செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார்; வீட்டில் வேறு துணை இல்லை. ஒரு மருத்துவர் செல்லம் அதிகம் என்றார். இன்னொருவர் தூக்கம் வரவழைக்கும் மருந்து எழுதினார். மூன்றாமவர் நாற்காலியை விட்டு எழாமலே, இவன் கற்கக்கூடிய பிள்ளை அல்ல என்று முடிவு சொன்னார். மழலையர் பள்ளி, கற்க இயலாத பிள்ளைகளுக்கான தொலைதூர விடுதிப் பள்ளிக்கு அவனை அனுப்பப் பரிந்துரை கேட்டது. உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"போடுங்க ராத்மிலா, நமக்கெதுக்கு வம்பு?" என்றார் மையத்தின் அன்றைய இயக்குநர்.

"போட மாட்டேன். இவனுக்கு என்னன்னு இன்னும் ஒருத்தரும் பார்க்கல. பார்க்காம எப்படி அனுப்புறது?"

"மூணு டாக்டர் பார்த்தாச்சே!"

"மூணு பேரும் அம்மாவைத்தான் பார்த்திருக்காங்க."

பிறகு யாஸ்னாவை அழைத்து, யாரிடமெல்லாம் பிள்ளையைக் காட்டினீர்கள் என்று கேட்டீர்கள். அவர் மூன்று பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். நீங்கள் காத்திருந்தீர்கள். அந்த நிசப்தம் தாங்காமல் சிஸ்டர் ஸோர்கா மருந்துப் பெட்டியை அடுக்குவதுபோல் பாவனை செய்தார்.

"ஈயம் ஊத்தினீங்களா?" என்று மெல்லக் கேட்டீர்கள்.

பயத்தைப் போக்கவென்று பிள்ளையைத் துணியால் மூடி, தலைக்கு மேல் தண்ணீர்ப் பாத்திரம் பிடித்து, உருக்கிய ஈயத்தை அதில் ஊற்றும் வழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மருத்துவரிடம் ஒப்புக்கொள்பவர்தான் இல்லை. யாஸ்னாவின் முகம் சிவந்தது.

"ஊத்தினோம் டாக்டரம்மா. திட்டாதீங்க. தபால் ஆபீஸ்ல வேலை பாக்குற பக்கத்து வீட்டம்மாதான் ஊத்துனாங்க."

"நான் ஏன் திட்டப் போறேன்? என் மகனுக்கு என் மாமியார் எனக்குத் தெரியாம ரெண்டு தரம் ஊத்துனாங்க. அதை விடுங்க. ஈயம் தண்ணியில விழுந்தப்போ ரெல்யா என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலையே. துணிக்குள்ள சட்டைப் பொத்தானைத் திருகிட்டே இருந்தான். அந்தச் சத்தத்துல எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. 'பயமே இல்லாத பிள்ளை, இவனுக்கு ஒண்ணுமில்ல'ன்னு அந்தம்மா சொன்னாங்க. நாங்களும் சந்தோஷமா பணியாரம் பொரிச்சுச் சாப்பிட்டோம்."

நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். மூடிய துணிக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காது மட்டும்தான் உண்டு. அந்தச் சத்தத்துக்கும் அசையாதவனுக்குக் காதே சரியாகக் கேட்கவில்லை. முகம் பார்க்கும்போது உதட்டசைவைக் கவனித்துத் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொண்ட பிள்ளையை, முகம் திருப்பியிருந்த வேளைகளில் எல்லோரும் அடங்காதவன் என்றே எண்ணியிருந்தோம்.

ஆனால் காதைப் பார்ப்பது யார்? காது மருத்துவர்கள், முதலில் மனநல மருத்துவர் பிள்ளையை அமைதிப்படுத்தட்டும் என்றார்கள். மனநல மருத்துவர்கள், முதலில் காதைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு தாயும் பிள்ளையும் சுற்றிக்கொண்டிருக்க, விடுதிப் பள்ளியில் இடம் ஒதுக்கும் நாள் நெருங்கியது. நீங்கள் தொலைபேசியை எடுத்தீர்கள். நாட்டிலுள்ள காது மருத்துவர்களை ஒவ்வொருவராக அழைத்து ஒரே கேள்வி கேட்டீர்கள்: "பிள்ளை கடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"நாலு பேரை விட்டுப் பிடிக்கச் சொல்லுவேன்" என்றார் ஒருவர். "வெளியே அனுப்பிடுவேன்" என்றார் இன்னொருவர். "இதென்ன கேள்வி?" என்று வைத்துவிட்டவர்களே அதிகம். சிஸ்டர் ஸோர்கா கேலி செய்தார்: "நீங்க டாக்டரைத் தேடுறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

கடைசியில் வடக்கே, ஹங்கேரிய எல்லையோரத்திலிருந்து டாக்டர் திபோர் செக்கெல் சற்று யோசித்துச் சொன்னார்: "கையை எடுத்துக்குவேன். மறுநாள் வரச் சொல்லுவேன். இங்கே பக்கத்துல தங்க இடம் இருக்கு."

நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாயோடும் பிள்ளையோடும் ரயிலேறினீர்கள். முதல் நாள் அவர் ரெல்யாவைத் தொடவே இல்லை. தரையில் உட்கார்ந்து, காது பார்க்கும் கருவியைத் தன் காதில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மறுநாள் கடி வாங்கினார். அதற்கடுத்த நாள் ரெல்யா தானாகவே தலையைச் சாய்த்தான். இரண்டு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் பசைபோல் கெட்டியான நீர் நிறைந்திருந்தது.

அதை வெளியேற்ற ஒரு சின்ன அறுவை சிகிச்சைதான். திரும்பும் வழியில், நடைமேடையில் ரயில் ஊதியதும் ரெல்யா அலறிக்கொண்டு தாயின் கோட்டுக்குள் புகுந்தான். யாஸ்னா அழுதுகொண்டே சிரித்தாராம்: "பயந்துட்டான்! டாக்டரம்மா, என் பிள்ளை பயந்துட்டான்!"

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இந்த மடலில் எழுதினால் நீங்களே சிவப்பு மையால் அடிப்பீர்கள். தொலைந்த காலத்துச் சொற்களை அவன் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருந்தது. அதுவரை பல்லால்தான் பேசினான். பேச்சுப் பயிற்சிக்கும், கோபத்தைக் கையாளப் பழக்குவதற்கும் ஏற்றவரை மீண்டும் தேடினீர்கள். மழலையர் பள்ளிக்கு நேரில் போய், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், முன் வரிசையில் உட்கார வையுங்கள் என்று கேட்டீர்கள். கேட்டதை வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. விடுதிப் பள்ளிக்கான பரிந்துரை கையெழுத்தில்லாமலே காலாவதியானது. ரெல்யா தன் தாயின் வீட்டில் உறங்கி, தன் தெருப் பள்ளிக்கே நடந்து போகிறான்.

அஞ்சாத அன்பே! தளராத தேடலே! உங்கள் மருத்துவ அறிவை எங்களில் சிலர் எட்டிவிடலாம். அந்தப் பிடிவாதத்தை இன்னும் எட்டவில்லை, எட்டியே தீர்வோம். இந்த வாரமும் யாரும் சரியாகப் பார்க்காத ஒரு சிறுமி எங்கள் பெஞ்சில் காத்திருந்தாள். அவளையும் விடுதிப் பள்ளிக்கு அனுப்ப ஒரு கையெழுத்து வாங்கி வரும்படி, மழலையர் பள்ளியில் அவள் தாயிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். எங்கள் இளம் மருத்துவர் அதை இன்னும் போடவில்லை. வாழ்த்துப் பரிசாக உங்களுக்கு நாங்கள் தர முடிந்த சிறந்த செய்தி அதுதான்.

நலமோடும் நிறைந்த ஆயுளோடும் வாழுங்கள். தோட்டத்துப் பிளம் மரங்களைப் பாருங்கள்; பேரப்பிள்ளைகளின் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். நாளை காலை அந்தச் சிறுமிக்காக நாங்கள் தொலைபேசியை எடுக்கிறோம்.

உங்களிடம் திட்டு வாங்கியும் உங்களை விட்டு நகராத,
குழந்தைகள் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், அலுவலகத்தார், வண்டி ஓட்டுநர்கள்
தீமோக் ஆற்றங்கரை நலவாழ்வு மையம்