ஒன்பதாம் எண் டோக்கன்

கம்பளிக் கோட்டை வீட்டில் துவைக்கக் கூடாது ஐயா. உங்கள் கோட்டின் கை சுருங்கியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, யாரோ வெந்நீரில் முக்கியிருக்கிறார்கள். தப்பாக நினைக்காதீர்கள், பதினாறு வருடம் லாண்டரியில் வேலை. என் கண் முதலில் துணிக்குத்தான் போகும், ஆளுக்கு அப்புறம்தான்.

எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பெயரே கிடையாது. மைக்கறை வக்கீல், சாக்பீஸ் டீச்சர், இரட்டைக் கவுன் அம்மா என்று முதலாளியும் நாங்களும் வைத்ததுதான் பெயர். மைக்கறை வக்கீலுக்குத் தெரிந்தால் வழக்கே போட்டுவிடுவார். இறந்தவரின் பெயரும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களுக்கு அவர் சாம்பல் கோட்டு.

என் மகளைப் பற்றி உங்கள் கோப்பில் இருக்கும். ஒன்பது வயது. குட்டி என்றுதான் கூப்பிடுவோம். போன குளிர்காலத்தில், ஒன்பதாம் தேதி, சாயங்காலம் நான்கு மணிக்கு ஆஸ்பத்திரித் தெருவில் பென்சில் வாங்கப் போனாள். மஞ்சள் கிளிப் போட்டிருந்தாள். திரும்பி வரவில்லை. முதல் மாதம் உங்கள் ஆட்கள் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்கள். பிறகு நான் இந்த ஸ்டேஷனுக்கு வர ஆரம்பித்தேன். வந்தால் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். குறை சொல்லவில்லை. எனக்கு வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான்.

மனிதர்கள் பதில் சொல்லாமல் போனபோது நான் மற்றவற்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஏதாவது ஒரு பேருந்தின் எண்ணைக் கூட்டினால் ஒன்பது வரும். அதில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவேன். இறங்கித் தெருத்தெருவாகப் பார்த்துவிட்டு வருவேன். ஒருமுறை மஞ்சள் கவுன் காயப்போட்டிருந்த வீட்டின் கதவைத் தட்டிவிட்டேன். பாவம், அவர்கள் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

என் வீட்டுக்காரர் பேருந்து டிப்போவில் மெக்கானிக். பொறுமைசாலி. ஒருநாள் சாப்பிடும்போது அந்தப் பொறுமையும் தீர்ந்துபோனது.

“ஒன்பதத் தேடினா ஒன்பதுதாம்மா கண்ணுல படும். நானும் நாள் பூரா நம்பரப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எங்கிட்ட எதுவும் ஒண்ணும் சொல்லலயே” என்றார்.

“நீங்க தேடல. அதான் சொல்லல” என்றேன்.

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுவது எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்த வருடம் குளிர் ஆரம்பித்ததும் சாம்பல் கோட்டுக்காரர் கோட்டைக் கொண்டுவந்தார். அன்று அவருக்கு விழுந்த டோக்கன் ஒன்பது. நான் எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர் ஃபோனில் பேசுகிறார். “குட்டி தூங்கிட்டாளா? எழுப்பாத, நான் வந்துடறேன்.” நான் எழுதிக்கொண்டிருந்த எண் கோணிப்போனது. ஊரில் பாதி வீட்டில் குட்டி உண்டு என்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

துணி வந்ததும் பைகளைத் துழாவுவது எங்கள் வழக்கம். கிடைப்பதைச் சின்னக் கவரில் போட்டு, டோக்கன் எண் எழுதி, ஆணியில் மாட்டிவைப்போம். கோட்டின் உள்பையில் ஒரு பார்க்கிங் சீட்டு இருந்தது. குளிருக்கு மட்டும் எடுக்கிற கோட்டு, போன வருடத்துச் சீட்டு அப்படியே கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரித் தெரு. அதே மாதம், ஒன்பதாம் தேதி. நான்கு பத்து. அதைக் கவரில் போட்டு ஆணியில் மாட்டப் போனால், ஒன்பது என்று எழுதிய இன்னொரு கவர் ஏற்கெனவே அங்கே தொங்கியது. இஸ்திரி போடும் அக்காவின் கையெழுத்து. வெளிப்பையை அவள் பார்த்திருப்பாள் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே மஞ்சள் கிளிப்.

அன்று மாலையே இரண்டையும் எடுத்துக்கொண்டு இங்கேதான் வந்தேன். பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். உங்கள் ஆள் ஒருவர் வந்து பார்த்தார். “எம்பொண்ணுகிட்டயே இந்த மாதிரி கிளிப் நாலு இருக்கும்மா. அந்தத் தெருவுல ஒரு நாளைக்கு முந்நூறு வண்டி நிக்குது. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார். வெளியே வந்து படியில் நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை ஐயா. உண்மையாகவே தெரியவில்லை.

வார விடுமுறை அன்று கடைச் சாவி என்னிடம் இருக்கும். காலை பத்து மணிக்கு அவருக்கு ஃபோன் செய்தேன். “சார், உங்க கோட்டுல ஒரு கறை போக மாட்டேங்குது. ஒரு தடவ வந்து பாத்துட்டீங்கன்னா மேற்கொண்டு கை வைப்பேன்” என்றேன். நல்ல மனிதர், அரை மணியில் வந்துவிட்டார்.

கனத்த கம்பளங்களைக் காயவைக்க எங்களிடம் ஓர் அறை உண்டு. சூட்டறை என்போம். ஜன்னல் கிடையாது, ஃபோன் சிக்னலும் எட்டாது, சுவர் முழுக்க நீராவிக் குழாய். சூடு கசியாமலிருக்கக் கனமான கதவு, வெளியே தாழ்ப்பாள். கோட்டை உள்ளே மாட்டியிருந்தேன். அவர் பார்க்கப் போனார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் சிரித்தார். “அம்மா, கதவு மாட்டிக்கிச்சு போல.”

“எம்பொண்ணு எங்க?”

“எந்தப் பொண்ணும்மா?”

வெளியே இருக்கும் நீராவி வால்வை ஒரு சுற்றுத் திறந்தேன். கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து கைக்குட்டைகளை மடித்தேன். கை சும்மா இருந்தால் எனக்குப் படபடப்பு வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவர் தெரியாது என்றார், தண்ணீர் கேட்டார், கும்பிடுகிறேன் என்றார். பிறகு சொல்லிவிடுகிறேன், கதவைத் திற என்றார். எங்கே என்றேன். ஏரிக்கரை என்றார். கொஞ்ச நேரம் கழித்து ரயில் நிலையம். அதற்கப்புறம், “நீங்களே ஒரு எடம் சொல்லுங்கம்மா, அங்கதான்னு சொல்லிடறேன்” என்றார். இத்தனை இடம் சொல்கிறவர் உண்மையான இடத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு சுற்றுத் திறந்தேன்.

மூன்று மணிக்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நான் ஐந்து மணிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க மாட்டேன். கவரில் ஆறோ ஒன்பதோ எழுதினால் அடியில் ஒரு கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் கவர் தலைகீழாக மாட்டப்படும்போது ஆறு ஒன்பதாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது இது. அக்கா கோடு போட மறந்துவிட்டாள். ஆறாம் டோக்கன் இரட்டைக் கவுன் அம்மாவுடையது, அவள் இரண்டு மகள்களின் கவுன். விடுமுறைக்கு முந்தின நாள் அவளே வந்து கேட்டாள், “கவுன் பையில ஒரு மஞ்சக் கிளிப் இருந்துச்சா? சின்னவ அது இல்லாம ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறா.” இல்லை என்று சொன்னேன். அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் என் கையில் மிச்சம் என்ன? திரும்பவும் உங்கள் பெஞ்ச். அதனால் மறுநாள் காலை அவருக்கு ஃபோன் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சீட்டுக்கும் நீங்கள் காரணம் சொன்னீர்கள். அன்று அவர் மனைவிக்கு அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம், நான்கரை மணிக்குப் பெண் குழந்தை, ஃபோனில் கேட்ட குட்டி அவள்தான் என்று. நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் மூச்சு சீராக வருகிறது. என் மகள் போன அதே நாள், அதே தெரு, அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் குழந்தை வந்திருக்கிறாள், பெயரும் அதே. நான்தான் இத்தனை நாள் ஒன்பது வயதுப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் ஐயா, பாவம், துக்கத்தில் இருப்பாள். இவ்வளவு நாள் குட்டியைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னேன் என்று சொல்லுங்கள். நான் எப்போது வந்து அழைத்துக்கொண்டு போகலாம் என்றும் கேளுங்கள்.