தினமும் ஒத்துப்போகாத வரி

ஆமாம்மா, அது என் வேலைதான். யாரோ கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துட்டாங்கன்னு பயந்துட்டியா? உக்காரு முதல்ல. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். நீ விழுந்து வச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

நம்ம லைப்ரரியோட பழைய டேட்டாபேஸும் நீ போட்ட புது காப்பியும் ஒண்ணா இருக்கான்னு தினம் காலைல ஒத்துப் பாக்கறே. நாப்பதாயிரம் பேர் ஒழுங்கா ஒத்துப்போறாங்க, ஒரே ஒரு வரி மட்டும் முரண்டு பிடிக்குது. உனக்குத் தூக்கம் கெடாம என்ன செய்யும்.

பேரு, விலாசம், கடைசியா எடுத்த புத்தகம், எல்லாம் சரியாத்தான் இருக்கும். கடைசியா சேவ் பண்ணின நேரம் மட்டும் மாறியிருக்கும். இரு, சொல்லி முடிச்சுடறேன். சாயங்காலம் அஞ்சரைக்குப் பழசுலேருந்து புதுசுக்குக் காப்பி போயிடுதில்ல? நான் கிளம்பறது ஆறு மணிக்கு. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே அந்த ஒரு கார்டைத் திறப்பேன், எதையும் மாத்தமாட்டேன், சேவ்னு ஒரு அழுத்து. அவ்ளோதான். அது உன் புதுசுக்குப் போறதுக்குள்ள நீ காலைல வந்து பாத்துடறே.

நான் எட்டாவதோட நின்னவ. ஆனா கவுன்டர்ல உக்காந்து உக்காந்து இந்த மெஷினோட குணம் எனக்குத் தெரியும். மூணு வருஷம் யாரும் தொடாத கார்டைத் தானா அழிச்சிடும், நம்மள ஒரு வார்த்தை கேக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தினாப் போதும்தான். நான் அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பிப் போற ஆளு, தினம் அழுத்தறேன்.

யாரோடதா? என் பொண்ணோடது. நாலு வருஷம் முன்னாடி ஒரு சண்டை. நான் ஒரு வார்த்தை கூடுதலாச் சொல்லிட்டேன், கிளம்பிட்டா. போன் நம்பரையும் மாத்திட்டா. ஆனா லைப்ரரி கார்டை எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கா, அலமாரி பூராத் தேடிப் பாத்துட்டேன். எந்த ஊர்க் கிளையில நீட்டினாலும் இங்க வந்து பதிஞ்சிடும். அதனால சரி பண்றேன்னு அந்த வரியைத் தூக்கிடாதேம்மா. அவ நீட்டறப்போ அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லிடக் கூடாது.

என்னது, இன்னிக்கு ரெண்டு கட்டம் மாறியிருக்கா? இல்லையே, நேரம் ஒண்ணுதான் மாறும். நான் வேற எதையும் தொடறதில்லை.

புத்தகமா? நேத்து ஏழு மணிக்கா? நான் ஆறுக்கே பஸ் ஏறிட்டேனே.

கொடு இப்படி. என் கண்ணாடி எங்கே? தலையிலயா. சரி, பரவாயில்ல, நீயே படி. எந்த ஊர்க் கிளைன்னு போட்டிருக்கு?