ஒரு குறையாவது சொல்லுங்கள்

அவைக்கு அணியாகவும் பேச்சாளர்களுக்குக் கடிவாளமாகவும், கையில் மணியோடும் முகத்தில் கனிவோடும் வீற்றிருக்கும் தலைவர் ராஜகோபாலன் அவர்களே! தில்லி மயூர் விஹாரில் தமிழை மணக்க மணக்க வைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, சண்டையை ஒத்திவைத்துவிட்டு, மெட்ரோவில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த தாய்மார்களே! இழுத்து வந்ததால் வந்திருக்கும் இளைஞர்களே! மூன்றாம் வரிசையில் முதுகு வளையாமல் அமர்ந்திருக்கும் படைவீரர் குடும்பத்தாரே! உங்கள் அனைவரையும் ரோஹிணியாகிய நான் வணங்குகிறேன்.

பிள்ளைகள், இளைஞர்கள், படைவீரர் குடும்பங்கள், இவர்களுடைய நலம் குறித்து நீங்கள் செய்யும் ஆய்வைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். ஆய்வு என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணை மூடிவிட்டார்கள். அஞ்ச வேண்டாம் ஐயா! வரைபடம் கிடையாது, புள்ளிவிவரம் கிடையாது. ஒரு வீட்டின் கதைதான் இருக்கிறது, அதையும் அந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நானும் என்னோடு பணிபுரியும் மேதாவும் தில்லியில் ஒரு ராணுவக் குடியிருப்புக்குப் போனோம். கணவன்மார் எல்லையில், மனைவி மக்கள் இங்கே. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டறிவது எங்கள் வேலை. இன்ன நாளில் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினோம். ராணுவத்தில் 'வருகிறோம்' என்று முன்கூட்டியே சொன்னால் என்ன நடக்கும்? அதோ, மூன்றாம் வரிசையில் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்!

பாதையோரக் கல்லுக்கெல்லாம் காவியும் சுண்ணாம்பும் அடித்தாயிற்று! மரத்துக்கு இடுப்புவரை வெள்ளை! பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து, உயர வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு முதல் நாள் ஒத்திகை வேறு! நடத்தியவர் சாவித்திரி. வேலூர்ப் பக்கத்துக்காரர், ஹவில்தார் முருகனின் மனைவி, அந்தக் குடியிருப்புப் பெண்களுக்கெல்லாம் அறிவிக்கப்படாத தளபதி.

"எப்படி இருக்கிறாய் கண்ணா?" என்று கேட்டோம். "ஃபர்ஸ்ட் கிளாஸ், மேடம்!" பள்ளி எப்படி? ஃபர்ஸ்ட் கிளாஸ். தூக்கம் எப்படி? ஃபர்ஸ்ட் கிளாஸ். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பயலைக் கேட்டால், அவனும் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஃபர்ஸ்ட் கிளாஸ்! பாரதத்திலேயே குறையில்லாத குழந்தைகளைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி ஆய்வை மூட்டை கட்டலாம் என்று மேதா என் காதைக் கடித்தாள்.

புறப்பட்டு வாசலுக்கு வந்தபோது ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். சாவித்திரியின் மகள் சுபிக்ஷா, ஒன்பதாம் வகுப்பு. "மேடம், நல்லா இருக்கோம்னு எல்லாரும் சொல்லியாச்சு. நல்லா இல்லேன்னா அத யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டாள்.

என்ன கேள்வி! நான் எத்தனையோ கருத்தரங்கில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. அங்கேயே வாசல் படியில் அவளோடு உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு என்ன குறை? அப்பாவின் மாற்றலோடு ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக மாறி வந்தவள். இங்கே வகுப்பே இந்தியில் சிரிக்கிறது, இந்தியில் சண்டை போடுகிறது. இவளுக்கு இந்தி வராது. மதியச் சாப்பாட்டுக்கு உடன் உட்கார ஒரு தோழி இல்லை. மதிப்பெண் சரிந்தது. கோடை விடுமுறை முடிந்ததும் வேலூரில் விடுதியில் சேர்த்துவிடுவது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். அம்மாவை விட்டுப் போகக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை அம்மாவிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அது அந்த வீட்டுச் சட்டம்! ஞாயிற்றுக்கிழமை மலை உச்சியிலிருந்து அப்பாவின் அழைப்பு வரும். அதில் நல்ல சேதி மட்டும்தான் பேசலாம். சாவித்திரியிடம் அது ஏன் என்று கேட்டேன். டீ ஆறுது மேடம் என்று பேச்சை மாற்றினார். விடாமல் கேட்டேன். "பனியில நிக்கிற மனுஷன் மேடம். இங்க ஒண்ணு சொல்லி, அங்க அவர் மனசு கலங்கினா?" என்றார். அதுவும் அன்புதானே!

தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஐயா, கதை பாதியில் நிற்கிறது, மணி அடித்தால் தாய்மார்கள் உங்களை விடமாட்டார்கள்! ...அச்சா, கையை எடுத்துவிட்டார்.

ஒரே ஒரு குறையைச் சொல்ல அந்தப் பெண்ணை விடுங்கள் என்று கெஞ்சினேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டார் சாவித்திரி. ஞாயிறு வந்தது, அழைப்பும் வந்தது. சுபிக்ஷா ஒன்று சொல்லத் தொடங்கினாள். இந்தி வரவில்லை என்றாள், தனியாகச் சாப்பிடுகிறேன் என்றாள், விடுதிக்குப் போகமாட்டேன் அப்பா என்று அழுதேவிட்டாள். சாவித்திரிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு முருகன் மெதுவாகப் பேசினாராம். "ரெண்டு வருஷமா எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்னே சொன்னீங்களே சாவித்திரி. ஒருத்தன் வீட்டுல கூரை ஒழுகுதும்பான், ஒருத்தன் வீட்டுல உடம்பு சரியில்லேம்பான். எங்க வீட்டுல ஒரு குறையும் இல்ல, நீங்க முதல்ல போங்கடான்னு என் லீவ விட்டுக்கொடுத்துட்டேன். நான் இல்லாமலே எல்லாம் நல்லா நடக்குதுன்னு நெனச்சுட்டேன்."

கேட்டீர்களா? மனம் கலங்கக் கூடாது என்று மறைத்தார்கள். தன்னை வீட்டில் யாரும் தேடவே இல்லை என்று அவர் நினைத்துவிட்டார்! குறையை மறைத்தோமா? கூடவே அவர் வரும் வழியையும் அல்லவா அடைத்துவிட்டோம்!

அடுத்த லீவில் முருகன் வந்தார். விடுதிப் பேச்சு நின்றது. மகளுக்கு இந்தி கற்றுக்கொடுத்தார், ஆனால் அது பாசறை இந்தி! இவள் வகுப்பில் நின்று "சாவ்தான்!" என்று, அதாவது விறைத்து நில் என்று, ஒரு குரல் கொடுத்தாளாம். வகுப்பே விறைத்து நின்றதாம், வந்த ஆசிரியர் உட்பட! அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இவள் பக்கத்தில் உட்காரப் போட்டி, இடமே கிடைப்பதில்லை.

எங்கள் ஆய்வு முழுவதும் இதையேதான் சொல்கிறது. எத்தனை ஊர் மாறினாலும் தாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மனக்குறையைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் இருந்தால் தாங்குகிறார்கள். அந்த ஆள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் தாங்குகிறார்கள்!

இது ராணுவ வீட்டுச் சங்கதி மட்டும்தானா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! ஊரிலிருக்கும் அப்பாவிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "எல்லாம் நல்லா இருக்கோம்." பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை உங்களிடம் என்ன சொல்கிறான்? அதே பாட்டு! நலம் நலம் என்றே நாலு பேரும் நாலு ஊரில் தனியாக நிற்கிறோம். போதும் இந்த ஒத்திகை! இன்று வீட்டுக்குப் போனதும் அழையுங்கள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லுங்கள்! மேலதிகாரி படுத்துகிறான் என்று சொல்லுங்கள்! நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்!

என்ன, மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்கிறது? ஆம் ஐயா, அவள்தான், சுபிக்ஷாதான். பக்கத்தில் மீசையோடு தலைகுனிந்து சிரிப்பவர், லீவில் வந்திருக்கும் முருகன். சொல் அம்மா, என்ன வேண்டும்?

"மேடம், போதும் மேடம். ரொம்ப நேரமா பேசறீங்க. அப்பாவுக்குப் பசிக்குது."

தலைவர் அவர்களே, மணியை வைத்துவிடுங்கள், இனி அதற்கு வேலையில்லை! ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று விறைத்து நின்ற பிள்ளை, இத்தனை பேர் நடுவே எழுந்து என்னைக் குறை சொல்கிறாள். என் ஆய்வுக்கு இதைவிட நல்ல முடிவு வேறு கிடையாது. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பசியோடு கேட்ட முருகனுக்கும் நன்றி. சாப்பாடு தயார் என்கிறார்கள், வாருங்கள், சேர்ந்தே உட்காருவோம். வணக்கம்!