வெஸ்பெரா லோர்னின் வெள்ளைக் கண்கள்

முகத்துக்குப் பவுடர் போடும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது, ஐயா. எட்னாவுக்கு அதையும் மேக்கப்காரனான நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நெப்ராஸ்காவில் பன்றி வளர்க்கும் வீட்டுப் பெண். ஹாலிவுட்டுக்கு வந்தபோது நடக்கவும் தெரியாது, அழவும் தெரியாது. ஸ்டுடியோ அவளுக்கு வெஸ்பெரா லோர்ன் என்று பெயர் வைத்தது. பேயாக்கியது நான். அப்போதைய பிலிமில் நீலம் வெள்ளையாகத்தான் விழும். அவளுடைய வெளிர்நீலக் கண்கள் திரையில் பார்வையே இல்லாத வெள்ளைக் குழிகளாகத் தெரிந்தன. சுற்றிலும் நான் கறுப்புத் தீட்டிவிடுவேன். ஆறு வருடம், பதினொரு படம். கொட்டகைகளில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ஜனங்களின் ரசனை அப்படி. பத்திரிகைக்காரர்கள் அவளை மேதை என்று எழுதினார்கள். அவள் செய்ததெல்லாம் இமைக்காமல் நின்றதுதான்.

பிறகு புதுப் பிலிம் வந்தது. அதில் நீலம் நீலத்துக்கு உரிய சாம்பல் நிறமாகவே விழுந்தது. முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். கல்லறையிலிருந்து எழுந்தவள், ரொட்டி வாங்கக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். இயக்குநர் பிட் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவளைப் பாத்து எந்தக் கொழந்தைய்யா பயப்படும்? மடியில வந்து உக்காந்துக்கும்."

எட்னா சிரித்தாள். என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "விட்டுது சனியன், ட்ரெஸ்கோ. பேய் வேஷம் இதோட சரி. அடுத்தது காமெடிப் படம், கையெழுத்தே போட்டாச்சு. லேசா பவுடர் போட்டா போதுமாம். நானே போட்டுக்குவேன்."

மூக்கின் ஒரு பக்கம் பூசினால் மறுபக்கத்தை மறந்துவிடுகிறவள் அவள்.

நான் கோபப்படவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சிக்கு வெள்ளைக் கண் வேண்டும் என்றார் பிட். முட்டை ஓட்டின் உள்தோலைக் கண்மேல் ஒட்டுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. உறுத்தும், சாயங்காலம் உரித்துவிடலாம். அதற்கு அடியில் இரண்டு சொட்டு விட்டது மட்டும் என் சொந்த யோசனை. பவுடரைப் பற்றி அவள் அப்படிச் சொன்ன மறுநாளே அந்தச் சீசாவை வாங்கி வைத்திருந்தேன்.

"எரியுதே ட்ரெஸ்கோ."

"எரியத்தான் செய்யும். அசையாத."

அசையவில்லை. சொன்னபடி கேட்க மட்டும் அவளுக்கு நன்றாக வரும்.

காட்சி பிரமாதமாக வந்தது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். முட்டைத்தோலை நான் உரித்தேன். இருபது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் நின்றபடி அவள் கேட்டாள்: "அதுக்குள்ள லைட்டையெல்லாம் அணைச்சிட்டீங்களா?"

டாக்டர் முட்டைத்தோலின் மேல் பழி போட்டார். அவர் படிப்பு அவ்வளவுதான். ஸ்டுடியோ பூங்கொத்து அனுப்பியது. காமெடிப் படம் வேறொருத்திக்குப் போனது. நான்தான் அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வேறு யார் வந்தார்கள்? தினமும் காலை ஏழு மணிக்குக் கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்தை நீட்டுவாள். வெறும் பிரஷ்ஷால் தடவிவிடுவேன்.

"அழகா இருக்கேனா?" என்பாள்.

இருக்கிறாய் என்பேன். பவுடரை எதற்கு வீணாக்க வேண்டும்?

சீசாவை என் அலமாரியிலேயே எடுத்தீர்கள். நான் அதை ஒளித்து வைக்கவில்லை. அவள் பார்க்கப்போவதில்லையே.

ஆக, செய்தது நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஆனால் அவளுடைய நன்மைக்குத்தான் செய்தேன். இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவள் 'நானே போட்டுக்குவேன்' என்று சொன்னதில்லை.